எட்டாம் நாள் இறங்கும் கலம்

மயிலிட்டி
10.3.1968

அன்புள்ள தம்பி தியாகலிங்கத்துக்கு அண்ணை சோமசேகரம் எழுதுவது.

நானும் அண்ணி கமலாவதியும் பிள்ளைகளும் சுகம். உன் சுகமும், மொஸ்கோவில் குளிர் எந்த மட்டில் நிற்கிறது என்பதும் அறிய விருப்பம். அண்ணி பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்ததா?

நம்மைப் பெற்ற அப்பு கடலோடு போய் மூன்று வருஷம் முடிந்தது. மார்கழியில் திவசம் கொடுத்தோம். உடல் கிடைக்காதவருக்கு எந்தத் திதி என்று ஐயர் கேட்டார். புயல் அடித்த நாளையே வைத்தோம். நீ அப்போதும் அங்கே, இப்போதும் அங்கே. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நீ படித்து முடித்து வருவதுதான் அவருக்குச் செய்கிற காரியம்.

இனி என் பைத்தியத்துக்கு வருகிறேன். தபால் கந்தோர் முடிந்து, பொழுதுபட்ட கையோடு கடற்கரையில் போய் நிற்கிறேன். உங்கள் நாடு விடுகிற செய்மதிகளில் ஒரு சாதி தென்மேற்கில் தோன்றி, நாலு நிமிடத்தில் தலைக்கு மேலாகப் போய், நெருப்புக்குச்சி அணைவது போல அணைகிறது. கொப்பியில் நாளும் நேரமும் குறிக்கிறேன். பத்திரிகையில் எப்போதும் ஒரே வசனம்: “அண்டவெளி ஆராய்ச்சிக்காக.” என்ன ஆராய்ச்சி என்று ஒரு நாளும் வந்ததில்லை. பெயரும் ஒன்றுதான், இலக்கம் மட்டும் கூடுகிறது. எட்டாம் நாள் ஆனதும் அந்தக் கலம் வருவதில்லை. ஒன்று இரண்டு அல்ல, ஒன்பது கலங்களில் இதைப் பார்த்துவிட்டேன்.

நீ ரேடியோ எந்திரவியல் படிக்கிறவன். இது ஏன் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது.

இப்படிக்கு
அண்ணை

*

மொஸ்கோ
4.4.1968

அன்புள்ள அண்ணைக்கு,

நான் நல்ல சுகம். காலுறை வந்தது. போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வீதியில் பனி உருகிச் சேறாகக் கிடக்கிறது. அண்ணியின் முழங்கால் நோவு எப்படி? பிள்ளைகள் என்னை மறந்திருப்பார்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மெய்யாகச் சொன்னால் எனக்குத் தெரியாது. விடுதியில் என்னோடு இருக்கும் கொழும்புத்துறைக் கிறகோரியிடம் கேட்டேன். “காலநிலை பார்க்கிறதாக்கும்” என்றான். என் வகுப்பு ரஷ்யப் பெடியன் ஒருவன், ஆட்களை அனுப்புவதற்கு முன் வெறும் கலத்தை இறக்கிப் பழகுகிறார்கள் என்றான். இன்னொருவன் கதையை மாற்றிவிட்டான்.

நீங்கள் எழுதியதை மறுபடி யோசித்துப் பார்த்தபோது, ஐந்து வருஷம் படித்தும் இந்தக் கேள்வி எனக்கு வரவில்லையே என்று வெட்கமாக இருந்தது. முழு அட்டவணையையும் அனுப்புங்கள். நேரம், உயரம், எத்தனை நாள் எல்லாம் வேண்டும். இங்கே ஒரு நல்ல விரிவுரையாளர் இருக்கிறார். அவரிடம் கேட்பேன்.

அன்புள்ள
லிங்கம்

*

மயிலிட்டி
1.5.1968

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு கடவுள் கிருபையால் குறையில்லை. அண்ணியின் முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறோம். கரவெட்டியில் உனக்கு ஒரு பெண் பார்த்திருக்கிறாள். ஆசிரியை. நீ இறங்கி வந்தபின் கதைக்கலாம் என்று நான் அடக்கி வைத்திருக்கிறேன்.

அட்டவணை இத்துடன் இரண்டு தாளில் இருக்கிறது. இனி என் முடிவைக் கேள்.

ஒன்று, அது மிகத் தாழப் பறக்கிறது. அண்டவெளியை ஆராய்கிறவன் மேலே போவான். இவன் நிலத்தோடு ஒட்டிப் போகிறான். பார்வை கீழே என்றுதான் அதற்கு அர்த்தம். மற்றது, பகல் வெளிச்சத்தில் எந்த இடத்துக்கு மேலாகப் போகிறான் என்று உலகப் படத்தில் கோடு போட்டேன். கோடு நெடுக அமெரிக்காவும் ஐரோப்பாவும் சீனாவும். கடைசியாக, ஏன் இறங்க வேண்டும்? அளவுகள் என்றால் ரேடியோவில் அனுப்பலாம். தந்தியில் அனுப்பக்கூடியதை எவரும் பார்சலில் அனுப்புவதில்லை. இருபத்திரண்டு வருஷம் கந்தோரில் தந்தி மேசையில் இருந்து எனக்குத் தெரியும். கையோடு திரும்பிக் கொண்டுவர வேண்டிய சாமான் படச்சுருள் ஒன்றுதான். எட்டு நாளில் சுருள் முடிகிறது, கலம் இறங்குகிறது.

போன கிழமை ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, இறங்க வேண்டிய நாளில் மோர்ஸ் கேட்டது. ஒரு கோடு. பிறகு கோடு, புள்ளி, கோடு. திரும்பத் திரும்ப அதே இரண்டு எழுத்து. “நான் இங்கே கிடக்கிறேன், வந்து எடுங்கள்” என்று சொல்லுகிற மாதிரி. என் காது பிழைவிடாது.

ஆகவே இது ஆராய்ச்சி இல்லை, இராணுவ அலுவல். உன் விரிவுரையாளர் என்ன சொல்கிறார் என்று எழுது.

அண்ணை

*

மயிலிட்டி
5.9.1968

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு சுகம். உன் சுகம்தான் தெரியவில்லை. மே மாதக் கடிதத்துக்கும் யூலையில் போட்டதற்கும் பதில் இல்லை. பரீட்சை என்று நினைத்து ஆறியிருந்தேன். அண்ணி ஆறியிருக்கிறாள் இல்லை. கடிதம் வரும் நேரத்துக்குப் படலையடியில் போய் நிற்கிறாள்.

பிராக் நகரத்துக்குள் ரஷ்ய இராணுவத் தாங்கிகள் போன செய்தியை நான்தான் இங்கே சனத்துக்கு வாசித்துச் சொன்னேன். நீ அதற்குள் அகப்படாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இதையும் சொல்ல வேண்டும். அந்த மாதத்தில் நம்முடைய எட்டு நாள்காரர் வழமையைவிடக் கூட என்று என் கொப்பி சொல்கிறது. இப்போது சிலது பன்னிரண்டு நாளும் நிற்கிறது. சுருளை நீட்டியிருக்கிறார்கள். புதிய அட்டவணை இத்துடன்.

நீ ஒரு வரி எழுதினால் போதும்.

அண்ணை

*

மொஸ்கோ
30.9.1968

அன்புள்ள அண்ணா,

நான் நலமாக இருக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. படிப்பு நல்லபடி நடக்கிறது. பதில் தாமதித்ததற்கு வருந்துகிறேன்.

தங்கள் ஆராய்ச்சி மிகவும் சுவையானது. மேலும் விபரமாக அறிய விரும்புகிறேன். எந்த வகை ரேடியோ பாவிக்கிறீர்கள்? அதை எங்கே பெற்றீர்கள்? இந்தக் கணக்குகளைச் செய்யத் தங்களுக்கு உதவுகிறவர்கள் யார்? கொழும்பிலோ வெளிநாட்டிலோ யாருக்காவது பிரதி அனுப்புவதுண்டா? வெளிநாட்டவர் எவராவது மயிலிட்டிக்கு வந்து தங்களைச் சந்தித்தார்களா?

அப்புவின் சுகம் எப்படி? இப்போதும் கடலுக்குப் போகிறாரா? அவரைப் பற்றி விபரமாக எழுதவும்.

தங்கள் தம்பி
தியாகலிங்கம்

*

மயிலிட்டி
22.10.1968

அன்புள்ள தங்கச்சி பத்மாசினிக்கு,

கொழும்பில் நீயும் அத்தாரும் குழந்தையும் சுகமென்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம்.

தம்பியின் கடிதத்தை அப்படியே பிரதி பண்ணி இதற்குள் வைத்திருக்கிறேன். வாசி. பிறந்த நாள் முதல் என்னை ‘அண்ணை’ என்றுதான் கூப்பிட்டவன் இப்போது ‘அண்ணா’, ‘தங்கள்’ என்று எழுதியிருக்கிறான். அண்ணியைக் கேட்கவில்லை. பிள்ளைகளைக் கேட்கவில்லை. அப்புவின் சுகத்தைக் கேட்டிருக்கிறான்.

முதல் வாசிப்பில் எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் வாசிப்பில் விளங்கியது. இந்தக் கடிதத்தை அவன் தனியே இருந்து எழுதவில்லை. யாரோ பக்கத்தில் இருந்து கேள்விகளைச் சொல்லியிருக்கிறார்கள். அப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே அந்த ஒரு கேள்வி எனக்கான எச்சரிக்கை. எழுதுவதை நிற்பாட்டு என்கிறான்.

என் வாய்க்கொழுப்பு. கடற்கரையில் நின்று நட்சத்திரம் எண்ணியவன் அதை அவனுக்கு ஏன் எழுதினேன்? இராணுவ அலுவல் என்று நானே என் கையால் எழுதி, முகவரியும் போட்டு, அவன் இருக்கிற இடத்துக்கே அனுப்பினேன்.

பதில் எழுதாமல் விடவா, எழுதினால் என்ன எழுத என்று தெரியவில்லை. நீ யோசித்துச் சொல்.

அண்ணை

*

வெள்ளவத்தை
27.10.1968

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். குழந்தைக்குச் சளி, பயப்பட ஒன்றுமில்லை. அண்ணிக்கு இதெல்லாம் சொல்லிப்போடாதீர்கள். அவவால் தாங்க ஏலாது.

தம்பியின் கடிதத்தை வாசித்துவிட்டு நானும் இவரும் சாப்பிடவில்லை. இவர் உங்களைத்தான் சொல்கிறார், “கொண்ணை இனி அந்தப் பக்கம் ஒரு எழுத்தும் எழுதக்கூடாது” என்று. எனக்கு அது சரியாகப் படவில்லை. பதில் போகாவிட்டால் நீங்கள் ஒளிக்கிறீர்கள் என்று நினைப்பார்கள். அதுவும் அவன் தலையில்தான் விழும்.

அவன் கேட்டதற்கு அவன் கேட்ட மாதிரியே பதில் எழுதுங்கள். அப்பு சுகம் என்று எழுதுங்கள். “அப்பு செத்துப்போனாரே, உனக்குத் தெரியாதா” என்று எழுதினால் அவன் அங்கே பொய்யன் ஆகிவிடுவான். செய்மதிக் கதையை எப்படியாவது விளையாட்டாக்கி விடுங்கள். கொப்பிகளை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

தங்கச்சி

*

மயிலிட்டி
1.11.1968

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நல்ல சுகம். அப்பு எல்லாரையும்விடச் சுகம். செவ்வாய்க்கிழமை வள்ளம் எடுத்துப் போய், ஆள் உயரச் சுறா ஒன்றோடு வந்தார். இருமல் கொஞ்சம் இருக்கிறது. மழைக்கு வெளியே படுக்க வேண்டாம் என்றால் கேட்கிறார் இல்லை. நீ தனக்குத் தனியாகக் கடிதம் போடுவதில்லை என்று அவருக்கு மனவருத்தம்.

நீ கேட்ட ரேடியோ பழுதாகிக் கிடக்கிறது. அது பாட்டுக் கேட்கிற பெட்டி. எனக்கு உதவி செய்கிறவர் அப்புதான். அந்த அட்டவணை எல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியவை. அவர் கடலில் நிற்கும்போது அந்த வெளிச்சங்கள் இறங்கி வந்து தன்னோடு கதைக்கின்றன என்று சொன்னார். நான் அதை நம்புகிறேன். மோர்ஸ் கேட்டதும் அவருக்குத்தான். வேறு எவரும் இங்கே வரவில்லை. வந்தாலும் அப்பு விடமாட்டார்.

அப்பு இப்போது கிட்ட நின்று, “பொடியனைச் சாப்பிடச் சொல்லி எழுது” என்கிறார்.

அண்ணை

*

மயிலிட்டி
16.1.1969

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கல் நல்லபடி முடிந்தது. மழை விட்டுவிட்டது. பிள்ளைகள் சுகம். அண்ணி உனக்கென்று பனங்கட்டி கட்டி வைத்திருக்கிறாள். அனுப்ப வழி தெரியவில்லை. நவம்பரில் போட்ட கடிதம் கிடைத்ததா? வேறு ஒன்றும் எழுத இல்லை.

அண்ணை

*

வெள்ளவத்தை
8.4.1969

அன்புள்ள அண்ணைக்கு,

இதை வாசிக்க முன் அண்ணியைக் கிட்டக் கூப்பிட்டு வைத்திருங்கள். தம்பி உயிரோடு இருக்கிறான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கிறகோரி படிப்பு முடிந்து வந்திறங்கி, கொழும்புத்துறைக்குப் போகமுன் நேரே என்னிடம் வந்தான். கோப்பித் தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை. அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

“லிங்கம் மே மாதம் வகுப்பிலை எழும்பிக் கேட்டவன், அக்கா. எட்டு நாளைக்குப் படம் பிடிக்கிற சுருள் எவ்வளவு நிறை வரும், கலம் அதைக் காவுமோ எண்டு. விரிவுரையாளர் கரும்பலகையைத் துடைச்சுப்போட்டு, விட்ட இடத்திலை பாடத்தைத் தொடங்கினார். மற்றக் கிழமை இவனைக் கூப்பிட்டவை.”

“ஆர் கூப்பிட்டது?” என்று கேட்டேன்.

“பேர் சொல்லாத ஆக்கள். அண்ணையின்ரை கடிதம் எல்லாம் மொழிபெயர்த்து மேசையிலை இருந்ததாம். உன்ரை தமையன் ஆருக்கு வேலை செய்யிறார் எண்டு கோடை முழுக்கக் கேட்டவை. அண்ணை ஆருக்கும் வேலை செய்யேல்லை எண்டு இவன் சொல்ல, அவை நம்பேல்லை. ஊரிலை உங்கடை கம்யூனிஸ்ட் கட்சிக்காரரைக் கொண்டு அண்ணையை விசாரிப்பிக்கிறம், கந்தோர் வேலையும் போகும் எண்டு வெருட்டினவை. அப்பதான் இவன் ஒண்டு சொன்னவன். அண்ணைக்கு மனம் சரியில்லை, அப்பு கடலிலை போனதிலை இருந்து அவர் உயிரோடை இருக்கிறார் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறார், அந்தக் கணக்கெல்லாம் விசர்க் கணக்கு எண்டு. அப்ப அவை சொன்னவை, தகப்பன்ரை சுகத்தைக் கேட்டு எழுது, பதிலைப் பார்ப்பம் எண்டு.”

அண்ணை, அது எச்சரிக்கை இல்லை. சோதனை. நாங்கள் அதற்கு அவன் வேண்டிய பதிலையே, அவன் நினைத்ததற்கும் மேலாக எழுதிக் கொடுத்தோம். “அண்ணையின்ரை பதிலை வாசிச்சுப்போட்டு அண்ணையை விட்டிட்டினம்” என்று கிறகோரி சொன்னான். “அண்டைக்கு லிங்கம் விடுதிக்கு வந்து, கன நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டவன்.”

பிறகுதான் நடந்தது. ஒரு டொக்டர் அந்தக் கோப்பைப் பார்த்தாராம். விசரன் ஒருவனின் கணக்கை நம்பி, வகுப்பில் எழும்பிக் கேட்ட தம்பிக்கும் அதே விசர் வருத்தம் இருக்கலாம், குடும்பத்தில் ஓடுகிற வருத்தம் என்று எழுதினாராம். டிசம்பரில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். தனக்கு வருத்தம் இல்லை என்று அவன் சொன்னால், உங்களுக்கும் இல்லை என்று ஆகி, விசாரணை திரும்பவும் உங்கள் பக்கம் வந்துவிடும். அதனால் அவன் சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் ‘ஓம்’ என்றான்.

மாசி மாதம் கிறகோரியை ஒரு தரம் பார்க்க விட்டார்களாம். “என்னை அடையாளம் பிடிச்சவன். என்ரை பேரைச் சொல்லத்தான் நேரம் எடுத்தது” என்று சொல்லிவிட்டு இந்தப் பிள்ளை என் முன்னால் அழுதது.

ஆனி மாதம் கப்பலில் அனுப்பப் போகிறார்களாம். நீங்கள் வந்து நில்லுங்கள். அப்பு சுகம் என்று எழுதச் சொன்னவள் நான். உங்களை மட்டும் நீங்கள் ஏச வேண்டாம்.

பத்மாசினி

*

மயிலிட்டி
24.7.1969

அன்புள்ள தங்கச்சிக்கு,

துறைமுகத்தில் அவனை நீயும் பார்த்தாய். ஆகவே தோற்றத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. ஊதியிருந்த முகம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. கை நடுக்கம் அப்படியே. சட்டைப் பொத்தான் பூட்ட ஏலாது. அண்ணி பூட்டிவிடுகிறாள், பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டு. பிள்ளைகள் முதல் நாள் ஒளித்தார்கள். இப்போது அவனுக்குப் பக்கத்தில் இருந்து பாடம் படிக்கிறார்கள். மூத்தவளின் பின்னக் கணக்கு ஒன்றை வாங்கிப் பார்த்தான். கன நேரம் பார்த்தான். பிறகு கொப்பியை மூடி அவளிடம் கொடுத்துவிட்டான்.

கரவெட்டி ஆட்கள் ஒரு நாள் வந்தார்கள். அண்ணி ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் பிள்ளையைக் காத்திருக்க வைப்பது பாவம்.

இந்தக் கிழமை முழுவதும் ஊரில் சந்திரனில் மனிதர் இறங்கிய கதைதான். பக்கத்து வளவு ஏரம்பு நேற்றுப் பின்னேரம் வந்து, “தந்தி ஐயா, உது மெய்யே? நீங்கள் உதெல்லாம் தெரிஞ்ச ஆள்” என்று கேட்டார். “எனக்கு உதொண்டும் தெரியாது, ஏரம்பு” என்று சொல்லி அனுப்பினேன். தம்பி மாமர நிழலில் கதிரையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் படலையைச் சாத்திப்போட்டுப் போனபின், வந்த நாள் தொடங்கி முதன்முதலாகத் தானாக வாய் திறந்தான்.

“அண்ணை, படச்சுருள்தானே?”

“விடு தம்பி. உள்ளுக்கு வா, வெயில் சாயுது.”

“சொல்லுங்கோ.”

“ஓம். நான் அப்பிடித்தான் நினைச்சனான்.”

“இப்ப?”

“இப்பவும் அப்பிடித்தான் நினைக்கிறன்.”

அவன் தலையை ஆட்டினான். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத்தான் கதைக்கிறான், ஆனால் வசனம் குழம்பவில்லை.

“என்னட்டை எத்தினையோ கேட்டவை. கோடை முழுக்க, பிறகு ஆசுப்பத்திரியிலை. ஆர் சொன்னது, ஏன் சொன்னது, ஆருக்குச் சொன்னது. ஆனால் ஒருத்தரும் ஒரு நாளும் கணக்குப் பிழை எண்டு சொல்லேல்லை.”

இவ்வளவு காலமும் நான் தேடிய விடையை அவன் எனக்குக் கொண்டுவந்து தந்திருக்கிறான். அதற்கு அவன் கொடுத்ததை நான் தினமும் கதிரையில் இருத்தி, சோறு ஊட்டி, முகம் துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஐந்து நிமிடமும் அவன் பழைய லிங்கமாக இருந்தான். அண்ணி சாப்பாடு கொண்டுவருவதற்குள் அது போய்விட்டது. சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தால், இது யாருக்கு என்று கேட்கிறான்.

அவனோடு வந்த கடிதத்தை இங்கே ஆசுப்பத்திரியில் காட்டினேன். ரஷ்ய எழுத்து, அவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை. குளிசைப் போத்தலின் பெயரை நான் பார்த்துக் கீறி இத்துடன் வைத்திருக்கிறேன். கொழும்பில் பெரிய பாமசிகளில் விசாரித்துப் பார். இன்னும் பதினொரு குளிசைதான் இருக்கிறது. அது இல்லாத நாளில் அவன் ஒரு கண் மூடுகிறான் இல்லை. அத்தாரிடம் சொல்லி, கிடைத்தவுடன் ரெயிலில் வரும் யாரிடமாவது கொடுத்துவிடு.

குழந்தையைக் கவனமாகப் பார்த்துக்கொள்.

அண்ணை